மூணு நம்பர்ல எது சரி? டயர் காற்றின் கதை

1/


அமெரிக்காவில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஒருநாள் இரவு பதினோரு மணிக்குப் போன் பண்ணினான்.

"டேய், பழைய மோட்டார் ஹோம் ஒண்ணு வாங்கிட்டேன். டயர் மேல 110னு போட்டிருக்கு. டிரைவர் சீட் பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 90னு போட்டிருக்கு. வித்தவர் 'நான் எப்பவும் 100 தான் வெப்பேன்'னு சொல்றார். எதுடா சரி?"

"ஏன்டா, இது டாக்டர்கிட்ட கேக்குற கேள்வியா?"

"நீதானே ஊருக்கெல்லாம் பிரஷர் பாத்துச் சொல்றவன்! சொல்லு."

அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. அப்புறம் தேடித்தேடிப் படிச்சேன். இதுக்குப் பின்னால 175 வருசத்துக்கும் மேலான கதை இருக்கு. அதில் ஒரு கால்நடை மருத்துவர் வர்றார். நம்ம பி.பி. மிஷின் வருது. ஒரு உச்ச நீதிமன்ற வழக்கு வருது. நிறைய மரணங்களும் வருது.

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/
முதல்ல, மோட்டார் ஹோம்னா என்ன?

சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் பார்த்திருப்பீங்க. ஏறக்குறைய அதுதான். படுக்கை, சமையலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். வீட்டையே வண்டியாக்கி ஓட்டிட்டுப் போறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இதில்தான் ஊர் சுற்றுகிறார்கள்.

1910லேயே பியர்ஸ் ஆரோ நிறுவனம் படுக்கை வசதியோடு ஒரு காரை அமெரிக்காவில் காட்சிக்கு வைத்தது. 1966இல் அயோவா மாநிலத்தில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கின.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனியுங்க. நம்ம காரில் பெரும்பாலும் ஒருத்தர் ரெண்டு பேர்தான் போறோம். டயர் தாங்கக்கூடிய எடையில் பாதி கூட பல நாள் இருக்காது. மோட்டார் ஹோம் அப்படி இல்லை. வீட்டுச் சாமான் மொத்தமும் எப்பவும் உள்ளேதான். 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 400 கிலோ. அந்த டயர்கள் எப்பவுமே தங்கள் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கின்றன. காற்றின் அளவில் செய்யும் தப்பைக் கார் மன்னித்துவிடும். மோட்டார் ஹோம் மன்னிக்காது.

3/
வண்டியின் எடையைத் தாங்குவது எது? டயரா?

இல்லைங்க. உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான்.

ஒரு எளிய கணக்கு. 1,200 கிலோ கார். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. 300ஐ 2.25ஆல் வகுத்தால் 133 சதுர செ.மீ. வருது. அதாவது ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடும் இடம், விரல்களோடு சேர்த்து உங்கள் கை அளவுதான். நாலு கை அளவு இடத்தில்தான் உங்க குடும்பமே போகுது.

டயர் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனா விஷயம் புரிய இது போதும். எடை கூடினால் காற்றும் கூட வேண்டும். காற்று குறைந்தால் டயர் தரையில் அதிகமாகப் பரவும், அதன் சுவர் அதிகமாக மடங்கும்.

இந்த 'மடங்கும்' என்ற சொல்லை ஞாபகம் வைங்க. கதையில் வரும் மரணங்களுக்கெல்லாம் அதுதான் வாசல்.

4/
இப்போ வரலாற்றுக்குப் போவோம்.

1845. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், வயசு 23. ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, மேலே தோல் உறை போட்டு, குதிரை வண்டிச் சக்கரத்தில் மாட்டலாம் என்று காப்புரிமை வாங்கினார். அப்போ கார் கிடையாது. நாம ஓட்டுற மாதிரியான சைக்கிளும் கிடையாது. லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் 1847இல் ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லாமல் வண்டி ஓடியது. குதிரைக்கும் இழுக்க எளிதாக இருந்தது.

ஆனால் நல்ல மெல்லிய ரப்பர் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவில்லை. உலகம் அவரை மறந்துவிட்டது.

5/
நாற்பது வருசம் கழித்து, 1887. ஊர் பெல்பாஸ்ட். ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். நம்ம இனம்தான், நோயாளிகள் மட்டும் வேறு!

அவர் மகன் ஜானிக்கு ஒன்பது பத்து வயசு. உடம்புக்கு நல்லது, சைக்கிள் ஓட்டட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். பையனிடம் இருந்தது மூணு சக்கர சைக்கிள், கெட்டி ரப்பர் டயர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும்.

டன்லப் ஒரு மரவட்டில் ரப்பர் குழாயைச் சுற்றி, துணியால் இழுத்துக் கட்டி, காற்றடித்தார். அதையும் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். பழைய சக்கரம் பாதியிலேயே விழுந்தது. காற்றுச் சக்கரம் கேட் வரை போய் மோதித் திரும்பி வந்தது.

1888இல் காப்புரிமை. 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த பந்தயத்தில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயரோடு வந்து ஜெயித்தார். முதலில் அந்தக் குண்டு டயரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அப்புறம் கடைக்கு ஓடினார்கள். தாம்சன் ஏற்கெனவே செய்துவிட்டார் என்பதால் டன்லப்பின் காப்புரிமை பின்னர் செல்லாமல் போனது வேறு கதை.

6/
இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

சைக்கிள் டயர் பரவியதும், காற்றடைத்த ரப்பர் டியூப் ஊர் ஊராகக் கிடைக்க ஆரம்பித்தது. 1896. இத்தாலியின் தூரின் நகரம். சிப்பியோனே ரிவா ரோச்சி என்ற மருத்துவர். ரத்த அழுத்தத்தை எளிதாக அளக்க ஒரு கருவி தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் எடுத்தது சைக்கிள் டியூப்!

அதை மேல்கையில் சுற்றினார். காற்றடித்தார். பாதரசக் குழாயோடு இணைத்தார். மணிக்கட்டில் நாடி எப்போது மறைகிறது என்று விரலால் பார்த்தார். இன்னைக்கும் உங்க கையில் நான் சுற்றுகிற பி.பி. பட்டையின் முன்னோடி அதுதான். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901இல் இத்தாலியில் இதைப் பார்த்துவிட்டுத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். இப்படித்தான் நீங்க இன்னைக்கு 120/80 என்று சொல்வது பிறந்தது.

கூடுதல் தகவல்: 120 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 2.3 பி.எஸ்.ஐ. உங்க கார் டயரின் பிரஷர் உங்க பிரஷரைப் போல பதினாலு மடங்கு.

7/
ஆனா ரிவா ரோச்சியின் பட்டையில் ஒரு குறை இருந்தது. அகலம் சுமார் 5 செ.மீ. தான். குறுகிய பட்டை, உண்மையை விட அதிகமான அழுத்தத்தைக் காட்டும். 1901இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹாசன் இதைக் கண்டுபிடித்து அகலமான பட்டையைக் கொண்டுவந்தார்.

இன்னைக்கும் பருமனான கையில் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பி.பி. வந்துவிடும். படியேறி வந்ததும் அளந்தால் தப்பு. அஞ்சு நிமிஷம் உட்கார வைத்துத்தான் அளக்கணும்.

அதாவது நம்பர் மட்டும் போதாது. எந்தக் கை, எந்தப் பட்டை, எந்த நிலைமை என்று கேட்கணும். டயர்க்காரர்களும் இதே பாடத்தைத்தான் படிக்க வேண்டியிருந்தது. அவர்கள் கட்டிய கட்டணம் ரொம்ப அதிகம்.

8/
சைக்கிளில் இருந்து காருக்கு டயர் தாவியது 1895இல். பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம், சுமார் 1,200 கி.மீ. மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய காரில் தாங்களே ஓட்டிப் போனார்கள். வழியெல்லாம் பஞ்சர். குறித்த நேரத்துக்குள் வந்து சேரவில்லை. ஆனாலும் காரைக் காற்றில் ஓட்டலாம் என்று காட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்துக் கார் டயர்கள் ஒல்லி. உள்ளே 50, 60 பி.எஸ்.ஐ. காற்று. உட்கார்ந்தால் முதுகு போயிடும். 1923இல் ஃபயர்ஸ்டோன் 'பலூன் டயர்' கொண்டுவந்தது. டயர் குண்டானது. உள்ளே காற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயணம் மெத்தென்று ஆனது.

இங்கேதான் டயர் காற்றுக்கு ரெண்டு எஜமானர்கள் வந்தார்கள். ஒன்று எடை. இன்னொன்று சொகுசு. காற்றைக் குறைத்தால் சொகுசு கூடும். ஆனால் தாங்கும் எடை குறையும்.

அதனால் டயர் நிறுவனங்கள் சேர்ந்து அட்டவணைகள் போட்டன. இந்த அளவு டயர், இவ்வளவு எடை, அதுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு காற்று. இன்றும் பெரிய வண்டிகளின் டயர் தயாரிப்பாளர்கள் இந்த அட்டவணையை வெளியிடுகிறார்கள். என் நண்பனின் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது. அதுக்கு முன்னாடி ரெண்டு விபத்துக் கதைகள்.

9/
முதல் கதை. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்.

1990இல் விற்பனைக்கு வந்த உயரமான குடும்ப வண்டி. சக்கைப்போடு போட்டது. ஆனால் சந்தைக்கு வருவதற்கு முந்தைய சோதனைகளிலேயே, வேகமாகத் திருப்பினால் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் பிரச்சினை தெரிந்திருந்தது. அதைச் சமாளிக்கச் செய்த சில மாற்றங்களில் ஒன்று, டயர் காற்றைக் குறைப்பது. ஃபோர்டு பரிந்துரைத்த அளவு 26 பி.எஸ்.ஐ.

கவனிச்சீங்களா? அந்த 26ஐ முடிவு செய்ததில் 'இந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை' என்ற கேள்வியோடு வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. எடைக்கு அந்த அளவு போதும்தான். ஆனால் பெரிய உபரி இல்லை.

டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா. வெயில் கொளுத்தும் மாநிலங்கள். குடும்பமும் சாமானும் நிறைந்த வண்டி. டயரில் இருந்து மாதம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. தானாகவே கசியும். நாலைந்து மாசம் யாரும் பார்க்கவில்லை என்றால் 26 எங்கே போய் நிற்கும்?

10/
காற்று குறைந்த டயருக்குள் என்ன நடக்கிறது?

சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் பகுதி மடங்கி நிமிர்கிறது. ஒரு இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்க, வளைந்த இடம் சுடும். அதேதான். மோட்டார் ஹோமின் பெரிய டயரே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 9 முறை சுற்றும். ஒரு மணி நேரத்தில் முப்பதாயிரம் தடவைக்கு மேல் மடங்கும். சின்ன டயர் இன்னும் அதிகம்.

அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் இடையிலான ஒட்டு தளர்கிறது. மேல் அடுக்கு உரிந்து போகிறது.

எங்கள் துறையில் மகாதமனியின் சுவர் அடுக்குகள் பிரிந்துபோகும் ஒரு கொடுமையான நிலை உண்டு. வெளியே எதுவும் தெரியாது. நல்லா இருந்த மனுஷன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். பல வருச அழுத்தம் உள்ளே வேலை செய்திருக்கும். டயரும் இப்படித்தான். வெடிக்கிற அன்னைக்கு வந்த நோய் இல்லை அது.

11/
1998லேயே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், ஒரே வகை டயர் தொடர்பான 21 இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அரசுக்கு எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் தொலைக்காட்சி ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. மே மாதம் அரசு விசாரணை தொடங்கியது. ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது.

அமெரிக்காவில் மட்டும் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 271. காயமடைந்தவர்கள் 800க்கும் மேல்.

ஃபயர்ஸ்டோன் சொன்னது: ஃபோர்டு காற்றைக் குறைவாக வைக்கச் சொன்னது, வண்டியே உருளும் வண்டி. ஃபோர்டு சொன்னது: இதே 26இல் குட்இயர் டயர் போட்ட எக்ஸ்ப்ளோரர்கள் நன்றாகத்தானே ஓடின, உங்கள் டயரில்தான் கோளாறு. ரெண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. டயரின் வடிவமைப்பிலும், டிகேட்டர் ஆலையில் செய்யப்பட்ட டயர்களிலும் பிரச்சினை இருந்தது. குறைந்த காற்று அந்தப் பலவீனத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. நீரிழிவு இருப்பவருக்குப் புகைப்பழக்கமும் சேர்ந்த மாதிரி.

நூறு வருசத்தை நெருங்கிய ஃபோர்டு - ஃபயர்ஸ்டோன் உறவு 2001இல் முறிந்தது.

12/
இந்த மரணங்களில் இருந்து ஒரு நல்லது பிறந்தது. 2000 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. அதன்படி, டயர் காற்று பரிந்துரைத்த அளவில் இருந்து 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய கார்களில் கட்டாயமானது. இன்னைக்கு உங்க காரில் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கு.

ஆனா அந்த விதி 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ வரையிலான வண்டிகளுக்குத்தான். பெரிய மோட்டார் ஹோம்கள் அதற்கு மேல். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கட்டாயம் இல்லை!

13/
இரண்டாவது கதை மோட்டார் ஹோமே சம்பந்தப்பட்டது.

குட்இயர் ஜி159 என்று ஒரு டயர். 1996 முதல் 2003 வரை தயாரிக்கப்பட்டது. நகரத்துக்குள் நின்று நின்று போகும் டெலிவரி லாரிகளுக்காக உருவாக்கப்பட்டது. அதே டயர் மோட்டார் ஹோம்களிலும் மாட்டப்பட்டது. அவை போவதோ நெடுஞ்சாலையில், முழு எடையோடு, மணிக்கணக்கில்.

டயர்கள் உரிந்தன. வண்டிகள் கவிழ்ந்தன. ஆட்கள் இறந்தார்கள். ஒரு குடும்பத்தின் மோட்டார் ஹோம் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் உண்டாகும் சூட்டைத் தாங்க இந்த டயர் வடிவமைக்கப்படவில்லை என்பது அவர்கள் வாதம். சோதனை அறிக்கைகளையெல்லாம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் சமரசமாக முடிந்தது.

சில மாதங்கள் கழித்து அவர்களின் வழக்கறிஞர் ஒரு செய்தியைப் படிக்கிறார். மணிக்கு 55 முதல் 65 மைல் வேகத்தில், அதாவது சுமார் 88 முதல் 105 கி.மீ. வேகத்தில், அந்த டயர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிறது என்று காட்டும் சோதனை முடிவுகள் வேறொரு வழக்கில் வெளியாகியிருந்தன. இவர்களுக்குக் கொடுக்கப்படாத முடிவுகள்.

மறைத்ததற்காக மாவட்ட நீதிமன்றம் விதித்த தொகை 27 லட்சம் டாலர். அந்தத் தொகையைக் கணக்கிட்ட விதம் சரியில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

14/
2022 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த டயர்களைத் திரும்பப் பெறச் சொன்னது. குறைபாடு இல்லை என்றது நிறுவனம். கடைசியில் ஜூன் மாதம் சுமார் 1,73,000 டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போதும் 'காற்று குறைவாகவோ எடை அதிகமாகவோ இருந்தால்' பழுதாகலாம் என்பதுதான் அதன் நிலை.

தயாரிப்பை நிறுத்திப் பத்தொன்பது வருசம் கழித்து!

'காற்று குறைவாக வெச்சிருந்தாங்க' என்ற இந்த வரியைப் படிக்கும்போது எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. நாங்களும் சில நேரம் இதைச் செய்கிறோம். 'மாத்திரை ஒழுங்கா போட்டிருக்க மாட்டீங்க' என்று நோயாளி மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறோம். சில நேரம் அது உண்மை. சில நேரம் நாங்கள் கொடுத்த மாத்திரையே அவருக்குப் பொருந்தாதது.

எடை பார்க்காமல் மாட்டிய டயரும், எடை பார்க்காமல் எழுதிய மருந்து அளவும் ஒண்ணுதான். குழந்தைக்கு மருந்து எழுதும்போது முதலில் எடை மெஷினில் ஏற்றுகிறோமே, அதே வேலையை வண்டிக்கும் செய்யணும். இந்தக் கதை முழுக்க எனக்குக் கிடைத்த பாடம் இது ஒன்றுதான்.

15/
சரி, என் நண்பனின் மூணு நம்பருக்கு வருவோம்.

டயர் மேல் எழுதியிருந்த 110, அந்த டயரின் அதிகபட்ச எடையைத் தாங்கத் தேவையான அளவு. அது டயரைப் பற்றிய தகவல். உங்கள் வண்டியைப் பற்றியது இல்லை.

ஸ்டிக்கரில் இருந்த 90, அச்சின் மேல் அனுமதிக்கப்பட்ட முழு எடை இருக்கும்போது, ரெண்டு பக்கமும் சமமாக இருந்தால், தேவையான அளவு. வண்டியோடு வந்த அதே அளவு டயர் இருக்கும் வரை அது செல்லும்.

வித்தவர் சொன்ன 100, அவர் வழக்கம். 'எங்க பாட்டிக்கு இந்த மாத்திரைதான் கேட்டுச்சு' என்பது போல.

உங்க வண்டிக்கு எது சரி? எடை மேடையில் ஏற்றாமல் யாராலும் சொல்ல முடியாது.

16/
முறை இதுதான். மோட்டார் ஹோம் வைத்திருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் குறித்துக்கொள்ளுங்க.

ஒன்று: பயணத்துக்குக் கிளம்புவது போலவே வண்டியை நிரப்புங்க. தண்ணீர், எரிபொருள், சிலிண்டர், துணிமணி, பாத்திரம், ஆட்கள் எல்லாம்.

இரண்டு: எடை பாருங்க. அச்சு அச்சாகப் பார்ப்பது குறைந்தபட்சம். சக்கரம் சக்கரமாகப் பார்த்தால் ரொம்ப நல்லது. ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இடது வலது வித்தியாசம் வரும்.

மூன்று: உங்க டயர் நிறுவனத்தின் எடை அட்டவணையில் அதே அளவு டயரைத் தேடுங்க. பின்னால் ஜோடி டயர் என்றால் அதற்குத் தனி வரிசை இருக்கும்.

நான்கு: ஒரு அச்சில் எந்தப் பக்கம் எடை அதிகமோ, அதற்குரிய காற்றை ரெண்டு பக்கமும் வையுங்க.

ஐந்து: ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே போகாதீங்க. டயரிலும் ரிம்மிலும் உள்ள உச்ச அளவைத் தாண்டாதீங்க. அட்டவணை அதுக்கும் மேலே கேட்டால், தேவை காற்று இல்லை. சாமானை இறக்கணும்.

ஆறு: காலையில், வெயில் படும் முன், வண்டி ஓடும் முன் அளங்க. ஓடினால் காற்றழுத்தம் ஏறும், அது இயல்பு. 'ஏறிடுச்சே' என்று சூடான டயரில் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைவாகிவிடும். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பி.பி. பார்க்கிற அதே விதி.

17/
பின்னால் ஜோடி டயரில் உள்பக்க டயரை மறந்துடாதீங்க. அதில் காற்று போனால் வெளியே தெரியாது. பக்கத்து டயர் ரெண்டு பேர் சுமையையும் சத்தமில்லாமல் சுமக்கும், ஒருநாள் வெடிக்கும் வரை.

வயசும் பாருங்க. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மோட்டார் ஹோம் வருசத்தில் பல மாதம் வெயிலில் சும்மா நிற்கும் வண்டி. பட்டை தேயும் முன்பே ரப்பர் கிழடாகிவிடும். 'பட்டன் நல்லா இருக்கே' என்று ஏமாறாதீங்க.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபியட் டுகாட்டோ போன்ற வேன்கள் மீது கட்டிய மோட்டார் ஹோம்கள் அதிகம். அவற்றுக்கென்றே 'சி.பி.' என்று குறியிட்ட டயர்கள் உண்டு. பின் அச்சுக்கு 5.5 பார், அதாவது சுமார் 80 பி.எஸ்.ஐ. என்பது அங்கே வழக்கமான பரிந்துரை. 'தட்டு டம்ளரெல்லாம் ஆடுது, இவ்வளவு காற்று எதுக்கு' என்று பலர் குறைப்பதுண்டு. எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று தெரியாதவர்கள், அதிகமாகத்தான் ஏற்றுவீர்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த நம்பர் அது. எடை பார்த்து, டயர் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுக் குறைப்பது வேறு. டம்ளர் ஆடுகிறது என்று குறைப்பது வேறு.

18/
நண்பன் எடை பார்த்தான்.

முன் அச்சின் மொத்த எடை அனுமதிக்குள்தான் இருந்தது. ஆனால் இடது பக்கம் கூடுதல். அட்டவணைப்படி அந்தச் சக்கரத்துக்கு 95 தேவை. பின்னால் 85 போதும் என்று வந்தது, ஆனால் ஸ்டிக்கர் 90 என்பதால் 90 வைத்தான். முன்னால் 95, பின்னால் 90. அவன் கேட்ட மூணு நம்பரில் முன் டயருக்கான விடை இல்லவே இல்லை!

அதோடு டயரின் வயசைப் பார்க்கச் சொன்னேன். பதினோரு வருசம். பட்டன் புதுசு மாதிரி இருந்ததாம். ஆறு டயரையும் மாற்றினான். "காருக்குக் கொடுத்ததை விட டயருக்கு அழுதது அதிகம்டா" என்று புலம்பினான். புலம்பட்டும். புலம்ப ஆள் இருக்கே, அது போதும்.

19/
மோட்டார் ஹோம் இல்லாத நமக்கு இதில் என்ன இருக்கு?

பெட்ரோல் பங்கில் "எவ்ளோ சார் வெக்கணும்?" என்று கேட்டால், பாதிப் பேர் "நீங்களே பாத்து வைங்க" என்கிறோம். அவர் எல்லா வண்டிக்கும் ஒரே நம்பரை வைப்பார்.

நாளைக்குக் காலையில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்க. அங்கே இல்லை என்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம், அல்லது வண்டியோடு வந்த கையேடு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு இருக்கும். பல வண்டிகளில் ரெண்டு பேருக்கு ஒரு அளவு, முழுக் குடும்பமும் சாமானும் ஏறினால் வேறு அளவு என்று போட்டிருக்கும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ ஏழு பேர் கிளம்பும் அன்னைக்கு அந்த ரெண்டாவது அளவுதான் உங்களுக்கு. மாசம் ஒரு தடவை அளங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து.

20/
மகன் குலுங்காமல் சைக்கிள் ஓட்டணும் என்று ஒரு அப்பா டயருக்குள் காற்றை அடைத்தார். அந்த டியூபை எடுத்து இன்னொருவர் நம் கையில் சுற்றினார். ரெண்டு பிரஷரும் ஒரே காலத்தில் பிறந்தவை. ரெண்டும் வலி காட்டாமல் உள்ளே வேலை செய்பவை. அளந்தால்தான் தெரியும்.

இந்த இழையைப் படித்து முடித்ததும் ரெண்டு வேலை செய்யுங்க. வண்டிக்குக் காற்று பாருங்க. நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் உங்களுக்கும் பிரஷர் பாருங்க.

பயணம் போறவங்க எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்.